அன்றாட வாழ்வில் பரிசுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டவை. நான் போதகர் அல்ல. பல ஆண்டுகளாக ஒரு சிறு ஜெபக்குழுவில் உட்கார்ந்து கேட்டவன், அங்கே என் பங்குக்குக் கேள்வியும் எழுப்பியவன். வசனங்களைப் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் 'தூய்மை', 'புனிதம்' என்று வாசித்துப் பழகிய இடங்களில் இங்கே 'பரிசுத்தம்' என்று வரும்.

பரிசுத்தம் என்றால் பாவம் செய்யாமல் இருப்பதுதானே?

அது கனி. வேர் அதற்குக் கீழே இருக்கிறது. எபிரெயத்தில் 'காதோஷ்', கிரேக்கத்தில் 'ஹாகியோஸ்' என்ற சொற்கள், ஒன்றைப் பொதுப் புழக்கத்திலிருந்து பிரித்துத் தேவனுக்கென்று ஒதுக்கிவைப்பதைக் குறிக்கின்றன. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தில் இருந்த கிண்ணங்களும் விளக்குத்தண்டும்கூடப் பரிசுத்தமானவை என்றே அழைக்கப்பட்டன. ஒரு கிண்ணம் என்ன நற்செயல் செய்துவிட முடியும்? அது கர்த்தருடையது, அவ்வளவுதான். ஆகவே 'நான் எவ்வளவு நல்லவன்' என்று கேட்பதற்கு முன் 'நான் யாருடையவன்' என்று கேட்க வேண்டும்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். அந்தச் சபையார் கட்சி கட்டிக்கொண்டிருந்தார்கள். சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டான். திருவிருந்தில் ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். அவர்களைத்தான் அவர் கடிதத்தின் தொடக்கத்திலேயே, கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று அழைக்கிறார். கண்டிப்பு அதன் பிறகே வருகிறது, கடுமையாகவும் வருகிறது. 'ஒழுங்காக நடந்தால் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்' என்று தேவன் பேரம் பேசவில்லை. 'நீங்கள் என்னுடையவர்கள், எனக்கு உரியவர்களாக நடந்துகொள்ளுங்கள்' என்கிறார்.

"உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் தலைவாசலில் நிற்கிறது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால் என்ன இருக்கிறது தெரியுமா? அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. தராசில் ஏமாற்றாதே. நரைத்தவருக்கு முன் எழுந்து நில். அந்நியனை உன்னைப்போல நேசி. பலிகளையும் ஆசாரியத்துவத்தையும் பற்றிய புத்தகம் என்று நாம் அஞ்சி ஒதுக்கும் நூலில், பரிசுத்தத்துக்கான விளக்கம் வயலிலும் சந்தையிலும் நடக்கிறது. அதே அதிகாரத்தில், காது கேளாதவரைச் சபிக்காதே என்றும் ஒரு கட்டளை உண்டு. அவருக்கோ அது கேட்கப் போவதில்லை. சொன்னவனை யாரும் பிடிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கென்றே ஒரு கட்டளை தேவைப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நடுங்குகிறது.

கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம். பிறகு எதற்காகப் பிரயாசப்பட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு சீர்திருத்தச் சபையார் பயன்படுத்தும் 1647ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறது. நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் நம்மை நீதிமான் என்று தீர்ப்பதை, அவருடைய இலவச கிருபையின் ஒரு 'செயல்' என்றும், பரிசுத்தமாக்கப்படுதலை அதே கிருபையின் 'வேலை' என்றும் அது சொல்கிறது. செயல் ஒருமுறை நடந்து முடிந்துவிடுகிறது, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வேலையோ நாள்தோறும் தொடர்கிறது. ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும் ஆவணத்தில் ஒரு நாளில் கையெழுத்தாகிவிடும். ஆனால் அந்தக் குழந்தை வீட்டின் மொழியையும் பழக்கத்தையும் கற்று, பயமில்லாமல் அப்பா என்று அழைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆண்டுகளில் குழந்தை வீட்டைச் சம்பாதித்துக்கொண்டிருக்கவில்லை. வீடு ஏற்கெனவே அதனுடையதுதான்.

"பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்று எபிரெயர் 12:14 சொல்வதை மென்மையாக்கிவிடவும் எனக்கு உரிமை இல்லை. அதே வசனத்தில் தமிழில் 'நாடுங்கள்' என்றிருக்கும் சொல், கிரேக்க மூலத்தில் துரத்திப் பிடிப்பதைச் சொல்லும் வினை. பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல், தாம் முன்பு சபையைத் துன்பப்படுத்தியதற்கும், இப்போது கிறிஸ்துவின் பரிசை நோக்கித் தொடர்வதற்கும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார். விசுவாசிகளை வேட்டையாடிய அதே வேகத்தோடு அவர் இப்போது பரிசுத்தத்தைத் துரத்துகிறார். கிருபை அவரைச் சும்மா உட்காரவைக்கவில்லை. வேறு திசையில் ஓடவைத்தது.

அப்படியானால் இது தேவன் செய்வதா, நான் செய்வதா?

பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன கையோடு, ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் பவுல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சொல் 'ஆனாலும்' அல்ல, 'ஏனெனில்'. அவர் உள்ளே வேலை செய்கிறார் என்பதால்தான் என் பிரயாசத்துக்கு அர்த்தம் உண்டாகிறது.

நடைமுறையில் நான் இதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். பாய்மரத்தை ஏற்றுவது படகோட்டியின் வேலை. காற்றை உண்டாக்க அவனால் முடியாது. ஜெபமும் வேதவாசிப்பும் உபவாசமும் திருவிருந்தும் ஐக்கியமும் பாய்கள். பாயை மடித்துவைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று புலம்பிய காலங்கள் என் வாழ்க்கையில் உண்டு.

வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று நாள் ஓடிவிடுகிறது. பரிசுத்தத்துக்கு நேரம் எங்கே?

இந்தக் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. பரிசுத்தம் என்பது நாளின் ஒரு மூலையில் நடக்கும் தனி வேலை, மற்ற நேரம் எல்லாம் அதற்கு இடைஞ்சல் என்ற அனுமானம் அது.

பிரதான ஆசாரியனின் பாகையில் பசும்பொன் தகடு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டப்பட்டிருந்தது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். இஸ்ரவேல் முழுவதிலும் ஒரே ஒருவனின் நெற்றியில் மட்டும் இருந்த எழுத்து அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் சகரியா தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் கடைசி வசனங்களில் வரப்போகும் ஒரு நாளைக் காண்கிறார். அந்த நாளில் இதே எழுத்து குதிரைகளின் மணிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு பானையும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும். போக்குவரத்துக்கும் போருக்கும் பயன்பட்ட விலங்கின் கழுத்து மணி, அடுப்பில் கரிபிடித்த பானை! மகா பரிசுத்த ஸ்தலத்தின் எழுத்து சமையலறைக்கு இறங்கி வருகிறது. தீர்க்கதரிசியின் கனவில் சமையலறையை விட்டுவிட்டு ஆலயத்துக்கு ஓட வேண்டிய தேவை இல்லை.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் வாழ்ந்தார். போரில் அடிபட்டுக் கால் ஊனமானவர். குருப்பட்டம் பெறாதவர். பல ஆண்டுகள் மடத்தின் சமையலறையில் வேலை செய்தார். பிறகு காலணிகளைத் தைத்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. அங்கே, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவில், தேவனோடு பேசிக்கொண்டே இருக்க அவர் பழகினார். ஆலோசனை கேட்டு மடத்துக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அவர் 1691இல் இறந்தார்.

ஆனாலும் தனித்த நேரமே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இயேசுவே அதிகாலையில் இருட்டோடு எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார். கைக்குழந்தை உள்ள தாய்க்கு அந்த நேரம் பத்து நிமிடமாக இருக்கலாம், அதுவும் பாதியில் அறுந்துபோகலாம். அறுந்துபோன ஜெபத்தையும் அவர் முழு ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்று நான் நம்புகிறேன்.

எரிச்சலூட்டும் மனிதர்களோடு வாழும்போது எப்படிப் பரிசுத்தமாக இருப்பது?

லிசியு நகரின் தெரேசா 24 வயதில் இறந்த ஒரு மடத்துச் சகோதரி. 1873இல் பிறந்து 1897இல் மறைந்தவர். மடத்தைத் தாண்டி அவர் பெரிதாக எதையும் சாதித்ததாகத் தெரியாது. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி, கவனமில்லாமல் அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டே இருப்பாராம். விலகி நின்று முகத்தைத் துடைத்துக்காட்டத் தெரேசாவுக்கு ஆசை வந்தது. அதைச் செய்யாமல், அந்தத் துளிகளைக் கிடைத்தற்கரிய பரிசாக ஏற்கப் பழகினார். இதுதான் 'சிறு வழி' என்று பின்னால் பெயர்பெற்றது. 1997இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியராக, அறிவித்தது. துவைக்கும் கல்லின் அருகே தொடங்கிய பாடம் அது.

நமக்குப் பெரிய சிலுவைகள் எப்போதாவதுதான் வருகின்றன. அழுக்குத் தண்ணீர் தினமும் தெறிக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி, உதை, மிரட்டல், பாலியல் கொடுமை ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்வதை யாராவது பரிசுத்தம் என்று உங்களுக்குப் போதித்தால், அது பொய். கொடுமைக்காரனின் பாவத்தை மூடிவைப்பது அவனுக்கும் நன்மை அல்ல. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், காவல்துறையிடம் சொல்வதும் விசுவாசக் குறைவு ஆகாது. தாவீது சவுலின் ஈட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை, தப்பி ஓடினார்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டவனா?

மற்ற எந்தக் கேள்வியையும்விட இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களின் முகங்கள் நினைவில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி உங்களை வதைக்கிறது என்பதே ஓர் உயிர்க்குறி. செத்த உடல் சுமையை உணராது. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7ஆம் அதிகாரத்தில் ஒரு குரல் கதறுகிறது. அது பவுலின் விசுவாச வாழ்க்கையின் குரலா, அதற்கு முந்தியதா என்று வேத அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எதுவானாலும், அந்தக் குரல் வேதாகமத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல்.

இரண்டாவது, விழுந்த பிறகு எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் தவறினார்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் தனியே போனான். பேதுரு அழுதுவிட்டு மற்றச் சீஷர்களிடம் திரும்பி வந்தான். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவை மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று, உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் மீன் சுட்டுவைத்துக் காத்திருந்த இடத்தில். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்டு, ஆடுகளையும் அவனிடமே ஒப்படைத்தார். விழுந்த இடத்தின் வாசனையை நினைவூட்டியே அவர் தூக்கிவிடுகிறார்.

மூன்றாவது, அதே பாவம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது நுழையும் கதவு ஒன்று இருக்கிறது. எந்த நேரம், எந்த அறை, எந்த மனநிலை, யாரோடு பேசிய பிறகு என்று கவனியுங்கள். பலருக்கு அந்தக் கதவு காமமோ கோபமோ அல்ல, களைப்பு. அல்லது தனிமை. பாவத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அந்தக் கதவை மூடிவிடுங்கள். போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு நின்று ஜெபிக்கவில்லை. மேலாடையை விட்டுவிட்டு வெளியே ஓடினார். சில சோதனைகளுக்கு ஓட்டமே ஜெபம்.

கதவை மூடினால் மட்டும் போதாது. அசுத்த ஆவி புறப்பட்டுப் போன வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு, அது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை இயேசு சொன்னார். எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல், திருடனிடம் திருடாதே என்பதோடு நிறுத்தவில்லை. தன் கைகளால் உழைக்கட்டும், குறைவுள்ளவனுக்குக் கொடுக்கும்படி சம்பாதிக்கட்டும் என்கிறார். எடுத்துப் பழகிய கை கொடுத்துப் பழக வேண்டும். கைபேசியில் கழிந்த அந்த ஒரு மணி நேரத்தை எதனால் நிரப்பப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதை விட்டுவிடத் தீர்மானித்தால், அந்தத் தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

நான்காவது, தனியாகப் போராடாதீர்கள். கீழே அதற்கென ஒரு கேள்வி இருக்கிறது. மது, போதைப்பொருள், ஆபாசக் காணொளி போன்றவை அடிமைத்தனமாகிவிட்டால் மருத்துவரையோ பயிற்சிபெற்ற ஆலோசகரையோ நாடுங்கள். ஜெபிக்கிறவன் மருந்து சாப்பிடக் கூடாது என்று காய்ச்சலுக்குச் சொல்லமாட்டோமே.

மனதில் தோன்றும் கெட்ட எண்ணமே பாவமா?

தோன்றுவது சோதனை, வரவேற்று உட்காரவைத்து உபசரிப்பது பாவம். இயேசுவும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமில்லாதவராயிருந்தார். சிலருக்கு வேண்டாத எண்ணங்கள் இடைவிடாமல் வந்து, ஒரே பாவத்தை நாளுக்குப் பலமுறை அறிக்கையிட்டும் மனம் ஆறாமல் இருக்கும். அது பக்தியின் ஆழம் அல்ல, பெரும்பாலும் ஒரு நோய். அனுபவமுள்ள போதகரிடமும் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். குணமாக வழி இருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில் சிறு பொய்கள் இல்லாமல் முடியவில்லை. என்ன செய்வது?

எது பொய், எது பேசாமலிருக்கும் உரிமை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா உண்மையையும் எல்லோரிடமும் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் மேலாளர் இல்லாதபோது இருப்பதாகச் சொல்வது, பின்தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது, கணக்கில் இல்லாத செலவை எழுதுவது போன்றவை தராசில் ஏமாற்றும் வேலை. லேவியராகமத்தின் கட்டளை அவற்றுக்கும் பொருந்தும்.

என் பொய் பேசாமல் வந்த பொய். ஒரு கூட்டத்தில், என் கீழ் வேலை செய்த இளைஞர் தயாரித்த அட்டவணைக்காக என்னைப் பாராட்டினார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புன்னகைத்தேன். அன்று இரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது அந்தப் புன்னகைதான் முன்னால் வந்து நின்றது. தேவனிடம் மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்தது. அதிகாரியிடம் போய் 'அது அவருடைய வேலை' என்று சொல்ல எனக்கு நான்கு நாட்கள் ஆயின. இளைஞரிடம் சொன்னபோது அவர் 'பரவாயில்லை சார்' என்றார், தலை நிமிராமலே. அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கிறது. அந்த நான்கு நாட்களும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். வரி வசூலித்த சகேயு, இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்திலிருந்து இறங்கிய நாளிலேயே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். மனந்திரும்புதலுக்கு ஒரு முகவரி உண்டு; அங்கே நாம் நேரில் போக வேண்டும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களின் சம்பளத்தை உரிய நாளில் கொடுத்துவிடுங்கள். ஊழியத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு வேலையாளின் கூலியை இழுத்தடிக்கிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது.

உடை, பொழுதுபோக்கு பற்றிச் சபை விதிக்கும் கட்டுப்பாடுகள் பரிசுத்தத்துக்கு அவசியமா?

வேதம் தெளிவாக விலக்கியதை விலக்குங்கள். மற்றவற்றில், சபையின் ஒழுங்கைச் சமாதானத்துக்காக மதிக்கலாம். ஆனால் அதைப் பரிசுத்தத்தின் அளவுகோலாக்கக் கூடாது. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகள் ஞானமாகத் தோன்றினாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதினார். எளிமையாக உடுத்திக்கொண்டு அடுத்தவரைக் கடித்துக் குதறும் நாவோடு வாழ முடியும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எபிரெயர் 12:1 பாவத்தையும் பாரத்தையும் தனித்தனியாகச் சொல்வதையும் கவனியுங்கள். ஒரு பொழுதுபோக்கு பாவமாக இல்லாமலே உங்களுக்குப் பாரமாக இருக்கலாம். அப்போது நீங்கள் அதைக் கழற்றிவையுங்கள். அடுத்தவர் முதுகில் தேடாதீர்கள்.

பாவத்தை மனிதரிடம் அறிக்கையிட வேண்டுமா? தேவனிடம் சொன்னால் போதாதா?

"நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." மன்னிப்பு அவரிடமிருந்து வருகிறது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் குருவிடம் செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியாக அதைப் பெறுகின்றன. மற்றச் சபைகளும் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபின் சொல்லைத் தள்ளிவிட முடியாது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கென்று விதிமுறை எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, கடந்த சந்திப்புக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். 1742இல் பிரிஸ்டலில், ஆலயக் கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கவென்று ஏறக்குறைய 12 பேர் கொண்ட வகுப்புகளைப் பிரித்தார்கள். வீடு வீடாகக் காசு வாங்கப் போன தலைவர்கள் குடும்பங்களின் உண்மை நிலையைக் கண்டார்கள். வசூல் ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் பலத்தில் பெரும்பங்கு அந்தச் சிறு வட்டங்களில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

இரகசியம் காக்கத் தெரிந்த, உங்களைப் பார்த்து அதிர்ச்சியடையாத, அதே நேரத்தில் உங்களைத் தப்பவிடாத ஒருவரைத் தேடுங்கள். எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டுவது ஞானம் அல்ல. இருவரோ மூவரோ போதும், அவரவர் பாலினத்தாராக இருப்பது நல்லது.

இந்த வாழ்நாளிலேயே பூரணமாக முடியுமா?

சபைகள் ஒத்துப்போகாத இடம் இது. அறிந்து செய்யும் பாவத்திலிருந்து விடுபட்டு, அன்பு இருதயத்தை முழுவதும் நிரப்பும் நிலையை இம்மையிலேயே தேவன் தர முடியும் என்று வெஸ்லி போதித்தார். தாம் அதை அடைந்துவிட்டதாக மார்தட்டவில்லை. லூத்தரும் சீர்திருத்தச் சபையாரும் விசுவாசி கடைசிவரை நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்றார்கள். 1517இல் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன். ஆனால் 'யாராலும் பூரணமாக முடியாது' என்ற வாக்கியத்தைச் சாக்காகப் பயன்படுத்துகிறவர்களைக் காணும்போது வெஸ்லியின் பக்கம் போய்விடத் தோன்றுகிறது.

'பரிசுத்தவான்', 'புனிதர்' என்பது எல்லோருக்கும் பொருந்துமா?

புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் 'பரிசுத்தவான்கள்' என்பது சபையார் அனைவரையும் குறிக்கும் பெயர். கத்தோலிக்க வழக்கில் 'புனிதர்' பட்டம் தனி ஆய்வுக்குப் பின் சிலருக்கு வழங்கப்படுகிறது. ஆனாலும் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய ஆவணத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், எந்த நிலையில் வாழும் விசுவாசியும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று அறிவித்தது. திருமணமானவர்கள், உழைப்பாளிகள், நோயாளிகள் எல்லோரும் அதில் அடக்கம்.

ஜெபிக்கவே மனம் வரவில்லை. உள்ளம் வறண்டுகிடக்கிறது. நான் பின்வாங்கிவிட்டேனா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. தூக்கம், உடல்நிலை, துக்கம், மனச்சோர்வு எல்லாம் ஜெபத்தைத் தொடும். எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் தந்தது போதனை அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும் தூக்கமும். இரண்டு முறை. உங்களால் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க முடியாத நாட்களில் ஒரு சங்கீதத்தைக் கடன் வாங்கி வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. நம்பிக்கையான ஒரு வரியைக்கூட முடிவில் ஒட்டவைக்காமல் அதை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

நான் வளர்கிறேன் என்பதை எப்படி அறிவது?

உங்களை நீங்களே அளப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வெளிச்சத்தை நெருங்க நெருங்க உடையில் உள்ள கறை அதிகமாகத் தெரியும். அதனால் வளர்கிறவர்களுக்குத் தாங்கள் தேய்வதுபோலத் தோன்றுவது வழக்கம். ஏசாயாவின் உதடுகள் அசுத்தமானவை என்று அவருக்குத் தெரிந்தது, சேராபீன்கள் என்னும் தூதர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாடியதைக் கேட்ட பிறகுதான்.

உங்களோடு வாழ்கிறவர்களிடம் கேட்பது நல்லது, துணிவு இருந்தால். கோபம் வருகிறதா என்று கேட்காதீர்கள். கோபம் வந்தபின் மன்னிப்புக் கேட்க முன்பைவிடக் குறைந்த நேரம் ஆகிறதா என்று கேளுங்கள். அடுத்தவர் வீழ்ச்சியைக் கேள்விப்படும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழுமே, அது குறைந்திருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். 'மற்ற மனுஷரைப்போல நான் இல்லை' என்ற பரிசேயனின் நன்றிஜெபம் உங்களுக்குள் ஒலிக்கத் தொடங்கினால், எத்தனை நாள் உபவாசித்தாலும் வளர்ச்சி நின்றுவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

பெரிய பட்டியல் போடாதீர்கள். இன்று இரவு படுக்கும் முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் தம் தோழர்களுக்கு நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யக் கற்றுக்கொடுத்தார். அதை நன்றியிலிருந்து தொடங்கச் சொன்னார். நாளில் கிடைத்த நன்மைகளை முதலில் எண்ணுங்கள். பிறகு காலையிலிருந்து நடந்தவற்றை மணிக்கு மணி மெல்லத் திரும்பிப் பாருங்கள். எங்கே தேவனோடு நடந்தீர்கள், எங்கே அவர் கையை உதறினீர்கள் என்று கவனியுங்கள். உதறிய இடத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளை சந்திக்கப்போகும் ஒரு கடினமான மனிதரையோ வேலையையோ பெயர் சொல்லி அவரிடம் ஒப்படையுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒருவரின் முகம் திரும்பத் திரும்ப வந்தால், காலையில் முதல் வேலையாக அவரை அழைத்துப் பேசுங்கள்.